சர்க்கரை, பார்வை, பரம்பரை

சர்க்கரை நோயை நாம் அறிவோம். நம் தெருவில் பலருக்கு இருக்கிறது. சிலர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலர் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். சர்க்கரை கண்ணைக் கெடுக்கும் என்றும் கேட்டிருக்கிறோம். அது உண்மைதான்.

ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்குச் சர்க்கரை வந்தால்? அதே குழந்தைக்குப் பதினோரு வயதில் பார்வையும் மங்கினால்? அதுவும் சர்க்கரை செய்த வேலைதானா? இல்லை, வேறு காரணம் உண்டா? இந்தப் பாடத்தில் அதைத் தெரிந்துகொள்வோம்.

1. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம்

இது எண்ணிப் பார்க்கும் குடும்பம்தான். உண்மையில் உள்ள யாரையும் சொல்லவில்லை.

பிழைப்புக்காக ஊரை விட்டு ஹைதராபாத் வந்த குடும்பம். அமீர்பேட்டில் வாடகை வீடு. அப்பா கட்டட வேலை செய்கிறார். அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். அம்மாவுக்கு அப்பா சொந்த அத்தை மகன். மூன்று பிள்ளைகள். மூத்தவள் பெண். நடுவில் ஒரு பையன். கடைசியில் ஒரு பெண்.

பையனுக்கு ஆறு வயது. அடிக்கடி தண்ணீர் குடிக்கிறான். இரவில் பாயை நனைக்கிறான். உடம்பு இளைக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிறார்கள். சர்க்கரை நோய் என்கிறார்கள். இன்சுலின் ஊசி தொடங்குகிறது.

நான்கு ஐந்து வருடம் போகிறது. பையன் கரும்பலகையைப் பார்க்கத் தடுமாறுகிறான். நிறங்கள் மங்கித் தெரிகின்றன. கண்ணாடி போட்டும் பயன் இல்லை. வாத்தியார் அவனைச் சோம்பேறி என்கிறார். பாட்டி, "ஒழுங்காக ஊசி போடவில்லை, அதனால்தான் கண் போச்சு" என்று அம்மாவைத் திட்டுகிறார். "உன் வயிற்றுக் கோளாறு" என்றும் சொல்கிறார்.

அம்மா அழுகிறார். ஊசியை ஒரு நாளும் அவர் தவறவிட்டதில்லை.

இதில் யார் சொல்வது சரி? பாட்டியா? வாத்தியாரா? இருவர் சொல்வதும் சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

2. நோயின் பெயர்

அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1938-ல் அங்கே வோல்ஃப்ராம், வாகனர் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு குடும்பத்தைப் பார்த்தார்கள். அக்குடும்பத்தில் உடன்பிறந்த நான்கு பேருக்குச் சிறு வயதிலேயே சர்க்கரை நோய். நான்கு பேருக்கும் கண் நரம்பு வாடியிருந்தது. இதை அந்த டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். அதனால் இதற்கு வோல்ஃப்ராம் நோய் என்று பெயர் வந்தது.

இது அரிய நோய். பிரிட்டனில் கணக்கெடுத்தார்கள். சுமார் 7,70,000 பேரில் ஒருவருக்கு இருந்தது. ஆகவே சர்க்கரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இது இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நோய் படிப்படியாக வருகிறது.

முதலில் சர்க்கரை. பெரும்பாலும் ஆறு வயதை ஒட்டி வரும்.

அடுத்து பார்வை. பெரும்பாலும் பதினோரு வயதை ஒட்டி மங்கத் தொடங்கும்.

அதன் பிறகு பலருக்குக் காது மந்தமாகும். சிலருக்குச் சர்க்கரை அளவு சரியாக இருந்தாலும் தாகம் அடங்காது. நீர் மிக அதிகமாகப் பிரியும்.

பிறகு சிறுநீர்ப்பை சரியாகச் சுருங்காமல் போகலாம். நடையில் தள்ளாட்டம் வரலாம். மூளைத் தண்டு பாதிக்கப்பட்டால் விழுங்குவதும் மூச்சு விடுவதும் கடினமாகும். இதனால் பலருக்கு ஆயுளும் குறைகிறது.

எல்லோருக்கும் எல்லாம் வருவதில்லை. வரிசையும் வயதும் ஆளுக்கு ஆள் மாறும்.

3. கண் மங்குவது எதனால்?

கண்ணை ஒரு கேமரா என்று வைத்துக்கொள்வோம். கண்ணின் பின்பக்கம் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதை விழித்திரை என்கிறோம். நாம் பார்ப்பது அதில் விழுகிறது. அங்கிருந்து மூளைக்கு ஒரு நரம்பு போகிறது. அது மின்சார ஒயர் போன்றது. அதுதான் கண் நரம்பு.

சாதாரணச் சர்க்கரை நோய் எதைக் கெடுக்கிறது? திரையில் உள்ள சிறிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அவற்றில் ரத்தம் கசியும். இதற்குப் பொதுவாகப் பல வருடம் ஆகும். காலத்தோடு பார்த்தால் லேசர் சிகிச்சையும் ஊசியும் உதவும்.

வோல்ஃப்ராம் நோய் எதைக் கெடுக்கிறது? ஒயரைக் கெடுக்கிறது. கண் நரம்பு மெல்ல மெல்ல வாடுகிறது. டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால் நரம்பின் முனை வெளுத்துத் தெரியும். திரையில் ரத்தக் கசிவு இருக்காது.

ஒயர் வாடினால் கண்ணாடி போட்டுப் பயன் இல்லை. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தாலும் இது வரும். ஆகவே பாட்டி சொன்னது தவறு. பையன் சோம்பேறி என்று வாத்தியார் சொன்னதும் தவறு.

ஆனால் ஊசியை விடக் கூடாது. ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

4. உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் உடம்பு கோடிக் கணக்கான செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு அறை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறது. உடம்பை எப்படிக் கட்டுவது, எப்படி நடத்துவது என்று அதில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் மரபணு என்று பெயர். மனிதருக்கு ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் உண்டு. அவை 46 குரோமோசோம்களில் அடுக்கியிருக்கின்றன. 46 என்பது 23 ஜோடி. ஜோடியில் ஒன்று அம்மா கொடுத்தது. மற்றொன்று அப்பா கொடுத்தது.

வோல்ஃப்ராம் நோய்க்குக் காரணமான மரபணுவை 1998-ல் கண்டுபிடித்தார்கள். அது நான்காவது குரோமோசோமில் இருக்கிறது. 2007-ல் இன்னொரு மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது வகை மிகவும் அரிது.

அந்த மரபணுவின் வேலை என்ன? ஒரு இஸ்திரிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். துணி குவிகிறது. தேய்த்து மடித்து அனுப்ப வேண்டும். மேற்பார்வை பார்க்க ஒருவர் இருக்கிறார். மடிப்புத் தவறினால் திருப்பி எடுப்பார். அதிகம் குவிந்தால் வேலையை நிதானிப்பார். அவர் வராவிட்டால் என்ன ஆகும்? கசங்கிய துணி மலை போல் குவியும். கடைசியில் கடையையே மூட வேண்டி வரும்.

செல்லுக்குள்ளும் இப்படி ஒரு மடிக்கும் இடம் உண்டு. அங்கே புரதங்களை மடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மேற்பார்வையாளரைத் தயாரிக்கும் குறிப்புதான் இந்த மரபணு. குறிப்பில் பிழை இருந்தால் மேற்பார்வையாளர் இல்லை. செல் திணறி இறந்துவிடும்.

கணையத்தில் இன்சுலின் செய்யும் செல்களுக்கு வேலை அதிகம். ஆகவே அவை முதலில் இறக்கின்றன. சர்க்கரை வருகிறது. நரம்புச் செல்களும் திணறுகின்றன. கண்ணும் காதும் மங்குகின்றன.

5. காசு போட்டுப் பார்ப்போம்

அம்மாவும் அப்பாவும் நன்றாக இருக்கிறார்கள். பையனுக்கு மட்டும் எப்படி வந்தது? இரண்டு காசு எடுங்கள். விளையாடியே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு காசு அம்மாவுடையது. ஒரு காசு அப்பாவுடையது. தலை விழுந்தால் நல்ல குறிப்பு. பூ விழுந்தால் பிழையுள்ள குறிப்பு.

அம்மாவிடம் இரண்டு குறிப்பு இருக்கிறது. ஒன்று நல்லது. ஒன்று பிழை. நல்லது ஒன்று இருப்பதால் வேலை நடக்கிறது. அவருக்கு நோய் இல்லை. அப்பாவும் அப்படியே. இவர்களைச் சுமப்பவர் என்கிறோம். சுமப்பது அவர்களுக்கே தெரியாது.

பிள்ளை உண்டாகும்போது ஒவ்வொருவரும் ஒரு குறிப்பை மட்டும் கொடுக்கிறார்கள். எது போகும் என்பது காசு சுண்டுவது போல. இரண்டு காசையும் சேர்த்துச் சுண்டுங்கள். நான்கு விதமாக விழலாம்.

அம்மா தலை, அப்பா தலை: பிள்ளைக்கு நோய் இல்லை. சுமப்பதும் இல்லை.

அம்மா தலை, அப்பா பூ: நோய் இல்லை. சுமப்பவர்.

அம்மா பூ, அப்பா தலை: நோய் இல்லை. சுமப்பவர்.

அம்மா பூ, அப்பா பூ: பிள்ளைக்கு நோய்.

ஆக நான்கில் ஒரு பங்கு நோய். நான்கில் இரண்டு பங்கு சுமப்பவர். நான்கில் ஒரு பங்கு எதுவும் இல்லை. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இதே கணக்கு.

நாற்பது முறை சுண்டிக் கோடு போட்டு எண்ணுங்கள். இரண்டும் பூ விழுந்தது ஏறக்குறைய பத்து முறை இருக்கும். சரியாகப் பத்து வராது. எட்டு வரலாம். பதின்மூன்று வரலாம். தாயம் ஆட உரசிய புளியங்கொட்டை வேண்டாம். அது ஒரு பக்கமே அதிகம் விழும். காசுதான் சரி.

ஒன்றை மனதில் வையுங்கள். காசுக்கு ஞாபகம் கிடையாது. "ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டுகிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு உண்டு.

இன்னொன்றும் பாருங்கள். நோய் வர இரண்டு பூ வேண்டும். ஒன்று அம்மா கொடுத்தது. ஒன்று அப்பா கொடுத்தது. இருவர் பங்கும் சமம். "உன் வயிற்றுக் கோளாறு" என்று ஒருவரை மட்டும் சொல்ல இதில் இடமே இல்லை. அப்பாவும் குற்றவாளி இல்லை. யாரும் கேட்டு வாங்கிய பிழை அல்ல இது.

6. சொந்தத்தில் கல்யாணம்

நம்மிடம் தாய்மாமன் உறவு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் உறவு உண்டு. தெலுங்கில் இதை மேனரிகம் என்கிறார்கள். 2019-21-ல் நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேல் சொந்தத்தில் நடந்த கல்யாணம் என்று அதில் தெரிந்தது.

சொந்தம் என்பதற்காக நோய் பிறப்பதில்லை. சொந்தத்தில் கட்டிய பலருக்கு நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இதுபோன்ற நோயில் ஆபத்து கூடுகிறது. எப்படி?

ஒரு தாத்தாவிடம் ஒரு பிழை இருக்கிறது. அது அவருடைய மகனுக்கும் போகலாம். மகளுக்கும் போகலாம். மகனின் பெண்ணுக்கும் மகளின் பையனுக்கும் அதே பிழை வரலாம். அந்தப் பெண்ணும் பையனும் கல்யாணம் செய்தால் ஒரே பிழை இரண்டு பக்கமும் வந்து சேர்கிறது.

கணக்காகவும் பார்க்கலாம். ஒரு மாப்பிள்ளை இந்தப் பிழையைச் சுமக்கிறார். அவருடைய அத்தை மகளும் சுமக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அக்கா மகளானால் நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தமில்லாத பெண் என்றால்? பிரிட்டனில் போட்ட கணக்கின்படி சுமார் 350 பேரில் ஒருவர்தான் சுமப்பவர். வித்தியாசம் புரிகிறதா?

"எங்களுக்குள் சொந்தமே இல்லை, ஒரே சாதிதான்" என்று சிலர் சொல்வார்கள். ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகளும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பல சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்கின்றன. அவற்றில் பல, சில முன்னோர்களிடமிருந்து வந்தவை. ஆகவே உறவு மறந்துபோனாலும் பிழை ஒன்றாக இருக்கலாம்.

7. கேள்வியும் பதிலும்

கேள்வி: மூத்த பெண் நன்றாக இருக்கிறாள். அவளைத் தாய்மாமனுக்கே கொடுக்கப் பேசுகிறோம். கொடுக்கலாமா?

பதில்: பேச்சை நிறுத்திவிட்டு முதலில் மரபணு டாக்டரைப் பாருங்கள். அவளுக்கு நோய் இல்லை. அதாவது இரண்டும் பூ விழவில்லை. மீதி மூன்று விதம். அதில் இரண்டு சுமப்பவர். ஆகவே அவள் சுமப்பவளாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. மாமனும் அதே பிழையைச் சுமக்கக்கூடும். ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: சுமப்பவள் என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்?

பதில்: சுமப்பது நோய் அல்ல. பிழையைச் சுமக்காத ஒருவரைக் கட்டினால் பிள்ளைக்கு இரண்டு பூ விழ வழியில்லை. இதை ஊருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் டாக்டரிடம் பேசினால் போதும்.

கேள்வி: ஒரே ஒரு பிழை இருந்தால் நோய் வரவே வராதா?

பதில்: பெரும்பாலும் வராது. ஆனால் இதே மரபணுவில் சில வகைப் பிழைகள் உண்டு. அவை ஒன்றாக இருந்தாலே காதையோ கண்ணையோ கெடுக்கும். அது அரிது. எந்த வகை என்று சோதனையில் தெரியும்.

கேள்வி: நோயைக் குணப்படுத்த மருந்து உண்டா?

பதில்: வேரோடு குணமாக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு கோளாறையும் தனித்தனியாகக் கவனிக்கலாம். சர்க்கரைக்கு இன்சுலின் உண்டு. அடங்காத தாகத்துக்கு டெஸ்மோபிரெசின் என்ற மருந்து உண்டு. காதுக்குக் கருவி உண்டு. சிறுநீர்ப்பைக்கும் சிகிச்சை உண்டு. வேர், கசாயம், மந்திரம் என்று யார் சொன்னாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பாயை நனைக்கிறான். இரவில் தண்ணீர் கொடுக்காமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. குடிக்காவிட்டால் உடம்பு வற்றிவிடும். அவன் வேண்டுமென்று நனைக்கவில்லை. அடிக்க வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வயிற்றில் இருக்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் குடும்பத்தில் உள்ள பிழை எது என்று தெரிய வேண்டும். பிறகு கருவுற்ற சுமார் 11, 12 வாரத்தில் பதிவு பெற்ற மையத்தில் சோதிக்கலாம். ஆகவே அடுத்த பிள்ளைக்கு முன்பே போவது நல்லது. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கக் கூடாது. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

8. எங்கே போவது?

அமீர்பேட் பக்கம் இருப்பவர்கள் தொலைவு போக வேண்டாம். அமீர்பேட்டை ஒட்டிய பேகம்பேட்டில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மரபியல் நிறுவனம் இருக்கிறது. பரம்பரை நோய்களுக்கான ஆஸ்பத்திரியும் அதனுடன் உண்டு.

பக்கத்தில் பஞ்சாகுட்டாவில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. எல்லோரும் நிம்ஸ் என்பார்கள். அங்கே மருத்துவ மரபியல் துறை உண்டு. உப்பலில் உள்ள சி.டி.எஃப்.டி. என்ற மரபணு ஆய்வு மையமும் நிம்ஸும் சேர்ந்து வேலை செய்கின்றன. மத்திய அரசு 2021-ல் அரிய நோய்களுக்கான கொள்கையை வெளியிட்டது. அதன்படி இவை அரிய நோய்களுக்கான சிறப்பு மையமாக இருக்கின்றன. பார்வைக்குப் பஞ்சாரா ஹில்ஸில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை இருக்கிறது.

ஊருக்குப் போகிறவர்களுக்கும் வழி உண்டு. சென்னையில் உள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்த நோய் உள்ள இந்தியக் குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்திருக்கிறது.

போகும்போது பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். ஒரு தாளில் குடும்ப மரம் எழுதுங்கள். தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, பிள்ளைகள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கண், யாருக்குக் காது என்று குறியுங்கள். யார் யாரைக் கட்டினார்கள் என்பதையும் எழுதுங்கள். நாம் எழுதப் படித்தது இதற்கும் உதவும். டாக்டருக்கு இது பெரிய உதவி.

பார்வை குறைந்த பிள்ளைக்கு உரிமைகளும் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பார்வை, காது இரண்டும் அதில் இருக்கின்றன. சான்றிதழும் அட்டையும் வாங்குங்கள். பள்ளியில் முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்துப் புத்தகம் கேளுங்கள். பார்வை இன்னும் இருக்கும்போதே பிரெய்ல் எழுத்தைப் பழக்குங்கள். ஐம்பது வயதில் நாம் எழுத்தைக் கற்கவில்லையா? பிள்ளை அதைவிட விரைவில் கற்பான்.

9. மறக்கக் கூடாதவை

சிறு வயதில் சர்க்கரை, பிறகு கண் மங்கல். இரண்டும் சேர்ந்தால் கண் நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண் மங்கியதற்கு அம்மாவைத் திட்டாதீர்கள்.

இன்சுலினை நிறுத்தாதீர்கள். தண்ணீரைத் தடுக்காதீர்கள்.

ஒரு பிள்ளைக்கு இருந்தால், மற்றப் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு முன் மரபணு டாக்டரைப் பாருங்கள்.

பதில் எழுதுங்கள்

1. சாதாரணச் சர்க்கரை நோய் கண்ணின் எந்தப் பகுதியைக் கெடுக்கிறது? வோல்ஃப்ராம் நோய் எந்தப் பகுதியைக் கெடுக்கிறது?

2. சுமப்பவர் என்றால் யார்?

3. அம்மா, அப்பா இருவரும் சுமப்பவர்கள். முதல் பிள்ளைக்கு நோய். இரண்டாவது பிள்ளைக்கு நோய் வர எத்தனை பங்கு வாய்ப்பு?

4. அம்மா சுமப்பவர். அப்பா சுமப்பவர் இல்லை. பிள்ளைக்கு இரண்டு பூ விழுமா? காசு வைத்து விளக்குங்கள்.

5. உங்கள் குடும்ப மரத்தை மூன்று தலைமுறைக்கு எழுதுங்கள். பெயர் மறந்திருந்தால் வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள்.

சொற்களை அறிவோம்

மரபணு: உடம்பை நடத்தும் ஒரு குறிப்பு. பெற்றோரிடமிருந்து வருவது.

கணையம்: வயிற்றுக்குப் பின்னால் உள்ள உறுப்பு. இன்சுலின் செய்வது.

கண் நரம்பு: கண்ணையும் மூளையையும் இணைப்பது.

சுமப்பவர்: ஒரு பிழையுள்ள மரபணுவும் ஒரு நல்ல மரபணுவும் உள்ளவர்.